பாதி பாஸ்வேர்டு

இரவு ஒன்பது மணி. கம்பத்தில் அந்த உரக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே பில் போடும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடைக்காரர் ஒவ்வொரு வார்த்தையாக அடித்துப் பார்க்கிறார். கில்லி. இல்லை. திருப்பாச்சி. இல்லை. போக்கிரி. அதுவும் இல்லை. நாலைந்து தடவை தப்பானதும், கொஞ்சம் பொறுத்து முயற்சி செய்யுங்கள் என்று திரை சொல்லிவிடுகிறது. மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டக்காரர்கள் சாம்பல் நோய்க்கு மருந்து கேட்டு வந்து நிற்கும்போது அவர் கொட்டாவி விடுகிறார்.

அவர் திறக்கப் பார்ப்பது பேங்க் கணக்கு இல்லை. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் 2006-ல் பிறந்து, 2008-ல் ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு வந்த ஒரு பொம்மை வீரனை. இப்போது அவருக்கு 35 வயது. ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். இந்த வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அவரிடம் பதில் இல்லை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாஸ்வேர்டில் முதல் பாதிதான் அவருக்குத் தெரியும். இரண்டாம் பாதி மறந்துபோகவில்லை. அது அவருக்கு எப்போதுமே தெரியாது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் படித்த ஆண்ட்ரூ கோவர், தன் சகோதரர் பாலுடன் சேர்ந்து உருவாக்கி 2001 ஜனவரி 4 அன்று வெளியிட்ட விளையாட்டு ரூன்ஸ்கேப். வாள், மந்திரம், டிராகன் என்று ஐரோப்பியக் கதைகளில் வருகிற ஓர் உலகம். அதில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உலாவுவார்கள். ஒருவர் மரம் வெட்டுவார், ஒருவர் மீன் பிடிப்பார், இன்னொருவர் சுரங்கத்தில் செம்பும் தகரமும் தோண்டி உருக்கி வெண்கலக் கத்தி அடிப்பார். அதை விற்று வேறொன்று வாங்கலாம். யாருடனும் பேசலாம். வேஷம் கட்டி ஆடுகிற விளையாட்டு என்று இதைச் சொல்லலாம். தேனிப் பக்கத்து ஆட்களுக்கு அது புதிதும் இல்லை. திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடிந்ததும் அவரவர் பஸ்ஸில் போய்விடுவார்கள்.

அந்த விளையாட்டு கம்பம் வரைக்கும் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அப்போது அதை கம்ப்யூட்டரில் தனியாக ஏற்றத் தேவையில்லை. ஜாவா இருந்தால் போதும், பிரவுசரிலேயே ஓடும். படங்கள் கட்டம் கட்டமாகத்தான் இருக்கும், மனிதர்களுக்கு விரல்கூடச் சரியாக இருக்காது. அதனாலேயே, பழைய கம்ப்யூட்டரும் மெதுவான இன்டர்நெட்டும் வைத்திருந்த பிரவுசிங் சென்டர்களில் அது சுணங்காமல் ஓடியது. காசும் கேட்கவில்லை. மாதச் சந்தா கட்டினால் பெரிய உலகம். கட்டாவிட்டால் சின்ன உலகம். கிரெடிட் கார்டு என்ற பொருளையே கண்டிராத பிளஸ் ஒன் மாணவனுக்குச் சின்ன உலகமே பெரிதாக இருந்தது. வரைபடத்தில் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றிருந்த வாசலுக்கு முன்னால் போய் நின்று, கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்களாம்.

வருவார்களாம் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம், விளையாடியது இரண்டு பேர். அவரும் அவருடைய பெரியப்பா மகனும். அண்ணனுக்கு இரண்டு வயது கூடுதல்.

மணிக்கு இருபது ரூபாய். மரத் தடுப்பு போட்ட சின்ன அறை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தனியாக ஐந்து ரூபாய் என்று சென்டர்காரர் ஒரு சட்டம் வைத்திருந்தார். இரண்டு பேர் பாக்கெட் மணியையும் சேர்த்தால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தேறும். அதனால் ஆளுக்கொரு கணக்கு கட்டுப்படியாகாது. ஒரே கணக்கு, ஒரே வீரன். அரை மணி நேரம் ஒருவர் நாற்காலியில், மற்றவர் ஸ்டூலில். அப்புறம் மாறிக்கொள்வார்கள். 2008-ல் மின்வெட்டு வந்த பிறகு அந்தக் கணக்கும் குழம்பியது. கரன்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்குமான நிமிஷங்களை யார் தலையில் எழுதுவது என்று சென்டர்காரரோடு அண்ணன் வழக்காடுவார்.

அவர்கள் வீரனின் தொழில் மீன்பிடிப்பு. போர்ட் சாரிம் துறைமுகத்தில் முப்பது காசு கொடுத்துக் கப்பல் ஏறினால் கரம்ஜா தீவு. அங்கே சிங்கி இறால் பிடிக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் பிறந்து, முல்லைப் பெரியாற்றுக் கெண்டையைத் தவிர வேறு மீன் அதிகம் பார்க்காத இரண்டு பையன்கள், உயிரோடு ஒரு சிங்கி இறாலைக்கூடக் கண்டதில்லை. ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பிடித்ததைச் சுட்டு, பாதியைக் கருக்கி, மீதியை விற்றார்கள். கூடவே ட்ரேனர் என்ற கிராமத்தில், வங்கிக்குப் பக்கத்தில் இருந்த வில்லோ மரங்களை வெட்டினார்கள். இதிலெல்லாம் என்ன சுகம் என்று விளையாடாதவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். தினமும் கொஞ்சம் கூடுகிறது என்பதுதான் சுகம். தோட்டத்தில் கவாத்து செய்துவிட்டுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு ஒருவேளை புரியலாம்.

அந்தக் காலத்தில் அந்த விளையாட்டில் எந்தத் தொழிலுக்கும் உச்சம் 99-ஆம் படி. 99-ல் பாதி எது என்று கணக்கு வாத்தியாரைக் கேட்டால் நாற்பத்தொன்பதரை என்பார். ரூன்ஸ்கேப் ஆட்டக்காரரைக் கேட்டால் 92 என்பார். ஏறஏற அடுத்த படிக்குத் தேவையான புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும். 99-க்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். 92-ஆம் படியில் நிற்கிறவர் கையில் இருப்பது 65,17,253. அதாவது, ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று நினைக்கும் இடம்தான் சரி பாதி. இவர்கள் வீரன் மீன்பிடிப்பில் 61-ஐத் தாண்டவில்லை.

பாஸ்வேர்டு இரண்டாகப் போன கதைக்கு வரலாம்.

இறால் விற்ற காசில் ரூன் கவசம் வாங்க வேண்டும் என்பது அவர்களுடைய லட்சியம். காசு மட்டும் போதாது. எல்வார்க் என்ற டிராகனைக் கொன்றால்தான் அந்த மார்க் கவசத்தைப் போட அனுமதி. மூன்று தடவை செத்து, நாலாவது தடவை கொன்றார்கள். நீலச்சாம்பல் நிறத்தில் முழுக் கவசத்தோடு வீரன் வங்கி வாசலில் நின்றபோது, ஸ்டூலில் இருந்த தம்பி எழுந்து நின்றே விட்டாராம்.

அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல். அண்ணன் தனியாகப் போனார். வங்கி வாசலில் ஒருவன் வந்து, உன் கவசத்துக்குத் தங்கக் கரை போட்டுத் தருகிறேன், இலவசம், கழற்றிக் கொடு என்றான். சேலைக்கு ஜரிகை மாதிரி கவசத்துக்குக் கரை. போட்டிருந்த சிலரை அண்ணனும் பார்த்திருக்கிறார். கொடுத்தார். வாங்கியவன் ஓடிப்போனான். ரூன்ஸ்கேப்பில் இது மிகப் பழைய மோசடி. ஒருவருடைய கவசத்துக்கு இன்னொருவர் கரை போடும் வித்தையே அந்த விளையாட்டில் கிடையாது. உலகம் முழுக்க எத்தனை பையன்கள் இப்படிக் கவசம் இழந்து அழுதார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை.

காய்ச்சல் தெளிந்து வந்த தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஒப்பந்தம். இனி தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. பாஸ்வேர்டை மாற்றினார்கள். முதல் பாதியைத் தம்பி அடிப்பார், அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பிறகு அண்ணன் அடிப்பார், தம்பி சுவரைப் பார்ப்பார். அந்தச் சுவரில் யாரோ ஒட்டியிருந்த காலண்டரில் என்ன படம் இருந்தது என்பது இன்றுவரை இவருக்கு நினைவிருக்கிறது.

2008 ஆகஸ்டில் அண்ணனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய நாள் கடைசியாக ஒரு மணி நேரம். அன்றைக்கு எதையும் பிடிக்கவில்லை, எதையும் வெட்டவில்லை. வீரனை ட்ரேனர் வங்கிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள். பொங்கலுக்கு வரும்போது விளையாடலாம் என்றார் அண்ணன். பொங்கலுக்கு வந்தார். சென்டருக்குப் போக நேரம் இல்லை.

அப்புறம் கல்யாணம், குழந்தை, கடை. 2016-ல் தாத்தா தோட்டத்துக் கிணற்றுப் பங்கு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மோட்டார் ஓட்டும் முறையில் ஆரம்பித்த பேச்சு, சர்வேயர், வக்கீல் என்று போய் நின்றது. இந்தக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்கள் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு கிணறு இருக்கும். அப்பாக்கள் சண்டையில் மகன்களுக்கு வேலை இல்லைதான். ஆனாலும் யார் முதலில் பேசுவது? ஐந்து வருஷம் கழித்து இவருடைய அப்பா இறந்தபோது அண்ணன் கேதத்துக்கு வந்தார். மாலை போட்டார். தெருமுனை வரைக்கும் நடந்து போய், அங்கே கொஞ்ச நேரம் நின்றார். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார். இப்போது அவர் இருப்பது கட்டப்பனையில், ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு பார்க்கிறார். கம்பம் மேட்டில் ஏறி இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். விடிகாலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் தினமும் போய் வருகிற தூரம்தான்.

ரூன்ஸ்கேப் ஏக்கம் திடீரென்று வந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆன பிறகு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் அவர் பழையதைத் தேடவில்லை. அது மாதிரி இன்னொன்று கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தார். பப்ஜியை 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்திருந்தார்கள். அதன் இடத்தில் வந்த பிஜிஎம்ஐயை ஏற்றிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் சாக வேண்டிய விளையாட்டில் எங்கே உட்கார்ந்து மீன் பிடிப்பது? சீனத்தில் இருந்து வந்த கென்ஷின் இம்பாக்ட் கண்ணைப் பறித்தது. புல் அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால், அதில் பெரும்பாலும் தனி ஆள். நல்ல வீரன் வேண்டுமென்றால் குலுக்கல் சீட்டு மாதிரி காசைப் போட்டு இழுக்க வேண்டும். கொரியாவின் ரக்னராக் பழைய பேர். ஒரு காலத்தில் இந்தியாவுக்கென்றே தனி சர்வர் வைத்து நடத்தி, பிறகு மூடினார்கள். அதன் செல்போன் பதிப்பில் ஆட்டோ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வீரன் தானே போய், தானே வெட்டுகிறான். ‘‘அப்ப நான் எதுக்கு?’’ என்று போனைக் கீழே வைத்துவிட்டார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பெரிய சமுத்திரம் என்றார்கள். அதற்கு மாதச் சந்தா. கம்ப்யூட்டரும் கொஞ்சம் தாட்டியாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து பில் போடும் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது.

எல்லாமே நல்ல விளையாட்டுகள்தான். பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பழைய காதலியின் ஜாடையைத் தேடுகிறவன் கதையாகிவிட்டது.

இப்படித் தேடுகிற ஆள் இவர் ஒருவர் மட்டும் இல்லை. ரூன்ஸ்கேப் ஆட்டக்காரர்களே ஒரு தடவை இப்படித் தவித்திருக்கிறார்கள். காசுக்கு விளையாட்டுத் தங்கம் விற்கும் கூட்டத்தைத் தடுப்பதற்காக 2007 டிசம்பரிலும் 2008 தொடக்கத்திலும் சண்டைக்கும் வியாபாரத்துக்கும் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 2012 நவம்பரில் சண்டை போடும் முறையையே மாற்றினார்கள். பழைய ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த ஒரு நகல் அந்த நிறுவனத்திடம் இருந்தது. வேண்டுமா என்று ஓட்டு கேட்டார்கள். நாலரை லட்சம் ஓட்டுகள் கிட்டத்தட்ட விழுந்தன. 2013 பிப்ரவரி 22-ல் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற பெயரில் பழைய உலகம் திரும்பி வந்தது. அதில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் ஆட்டக்காரர்களிடம் ஓட்டு எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் நூற்றுக்கு 75 பேர் சம்மதம் தேவைப்பட்டது, பிறகு 70 ஆக்கினார்கள். பழசையும் புதுசையும் சேர்த்துப் பார்த்தால், ஊர்க் கூட்டம் போட்டு நடக்கும் ஓர் உலகம். 2018 அக்டோபரில் அது செல்போனுக்கும் வந்துவிட்டது.

எல்லா விளையாட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2012 நவம்பரில் மூடப்பட்டது. ரசிகர்கள் நடத்தி வந்த சர்வருக்கு 2024-ல்தான் முறையான அனுமதி கிடைத்தது. குழந்தைகள் கொண்டாடிய கிளப் பென்குயின் 2017 மார்ச்சில் அணைந்தது. ஒரு ஊர் என்றால் காலியானாலும் சுவராவது நிற்கும். சர்வரை அணைத்தால் ஒன்றும் நிற்காது.

தேனிக்காரர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு ரயில் இருக்கிறது. மதுரை - போடி மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு வருஷம் தண்டவாளம் இருந்த இடத்தில் ரயில் இல்லை. 2022 மே மாதம் தேனிக்கு ரயில் வந்த அன்று, பூத்தூவி வரவேற்றவர்கள் நடுவே பலருக்குக் கண் கலங்கியது. 2023 ஜூனில் போடிக்கும் வந்துவிட்டது. வேகமான, வசதியான ரயில். ஆனாலும், ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சிரைத்துக்கொண்டு ஏறிய அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றித்தான் பெரியவர்கள் பேசுகிறார்கள்.

ஓல்ட் ஸ்கூலை அவர் போனில் ஏற்றினார். இலவசம்தான். அதே ட்ரேனர், அதே வங்கி, அதே வில்லோ மரம். ஒரு கல்கூட இடம் மாறவில்லை. ஆனால், 2013-ல் எல்லோரும் புதிதாக, வெறுங்கையோடுதான் தொடங்க வேண்டும் என்று வைத்துவிட்டார்கள். பழைய வீரன் இந்தப் பக்கம் வர முடியாது. அவன் இருப்பது இன்னொரு ரூன்ஸ்கேப்பில், இருபது வருஷ மாற்றங்களோடு ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் புதிய உலகத்தில்.

புதிய ஆளைத் தொடங்கினார். மகள் தோளில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

‘‘இதுல என்னப்பா பண்ணணும்?’’

‘‘மரம் வெட்டணும்.’’

‘‘அப்புறம்?’’

‘‘அப்புறமும் மரம் வெட்டணும்.’’

அவள் எழுந்து போய்விட்டாள்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு விளையாடியபோது ஒன்று கவனித்தார். அந்த விளையாட்டின் இசையைக் கேட்டால் அழுகை வரும் என்று உலகம் முழுக்க எழுதுகிறார்கள். இவருக்கு ஒன்றுமே வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த இசையை அவர் கேட்டதே இல்லை. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. அவருக்குத் தெரிந்த ரூன்ஸ்கேப்பின் சத்தம் ஜெனரேட்டரின் டடடட. அப்புறம், காதுக்குப் பக்கத்தில், ‘‘டே, இங்கிட்டு இல்லடா, அங்கிட்டுப் போடா’’ என்று ஒரு குரல்.

ஒரு வாரத்தில் புதிய ஆளையும் வில்லோ மரத்தடியில் விட்டுவிட்டார். அதன் பிறகுதான் ஷட்டரை இறக்கிவிட்டுப் பாஸ்வேர்டு தேட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் கணக்குத் தொடங்க ஈமெயில்கூட வேண்டியதில்லை. பெயரும் வயதும் நாடும் கொடுத்தால் போதும். அதனால், பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்ற பொத்தானை அழுத்தினாலும் வந்து சேர ஒரு முகவரி இல்லை. ஒரே ஒரு சலுகை, ரூன்ஸ்கேப் பாஸ்வேர்டில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் வெகுகாலம் கிடையாது. அண்ணன் விஜய் ரசிகர். அந்த ஒரு துப்பை வைத்துக்கொண்டு இத்தனை நாள் படப் பெயர்களாக அடித்துக்கொண்டிருந்தார்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் தேய்ந்துபோகும் நோய். சக்கர நாற்காலி. கடைசி வருஷங்களில் பெரும்பாலான நேரம் வார்கிராஃப்ட் விளையாட்டில் இருந்தார். பிள்ளை தனிமையிலேயே காலத்தைக் கழித்துவிட்டானே என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014 நவம்பரில், 25 வயதில் அவர் இறந்தபோது, அவருடைய இணையப் பக்கத்தில் அப்பா செய்தியைப் போட்டார். பல நாடுகளில் இருந்து கடிதங்கள் குவிந்தன. அதில் இபெலின் என்ற பெயரில் அவர் யார் யாருக்குத் துணையாக இருந்தார், எந்தத் தாய்க்கும் மகனுக்கும் நடுவே பேச்சை மீட்டுக் கொடுத்தார் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். அந்த நண்பர்களில் சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். 2024-ல் வந்த ஓர் ஆவணப்படம் இந்தக் கதையைச் சொல்கிறது. கம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார் கடைக்காரர். படம் முடிந்ததும் மகள் கேட்டாள்.

‘‘உங்க பாஸ்வேர்டுல மத்த பாதி யாருகிட்டப்பா இருக்கு?’’

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

‘‘கட்டப்பனையில. உனக்குப் பெரியப்பா முறை.’’

கட்டப்பனையில் தனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறார் என்பதே அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது. கிணறு பிரிந்தபோது அவளுக்கு இரண்டு வயது. ‘‘போன் பண்ணிக் கேளுங்க’’ என்றாள், பக்கத்துக் கடையில் சில்லறை கேட்கச் சொல்வது போல.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அண்ணன் நம்பர் இருந்தது. இரண்டு பேருமே அதில் வாய் திறக்காத உறுப்பினர்கள். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்கள் வந்தால் பார்த்துக்கொள்வதோடு சரி. அன்று இரவு அவர் எழுதி எழுதி அழித்தார். நலமா என்று ஆரம்பித்தால், இத்தனை வருஷம் எங்கே போனாய் என்ற கேள்வி நிற்கும். அப்பா கேதத்துக்கு வந்ததற்கு இப்போது நன்றி சொன்னால் குத்திக்காட்டுவது போல இருக்கும். மனைவி தூக்கக் கலக்கத்தில், ‘‘ஏங்க, எதையாவது அனுப்பிட்டுப் படுங்க’’ என்றார். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:

‘‘அண்ணே, உன் பாதி என்ன?’’

இரண்டு நீலக் கோடுகள் உடனே விழுந்தன. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம், கடையில் ஒரு தோட்டக்காரருக்கு மருந்துக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

‘‘எதுக்குடா கேக்குற? விக்கப் போறியா?’’

பழைய ரூன்ஸ்கேப் கணக்குகளைக் காசு கொடுத்து வாங்குகிற ஆட்கள் உண்டு. அண்ணனுக்கு அது தெரிந்திருந்தது. அப்படியென்றால் அவரும் எப்போதோ தேடிப் பார்த்திருக்கிறார். இது கடைக்காரருக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில், விக்கப் போறியா என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. அது கிணற்று வழக்கில் புழங்கிய வார்த்தை.

‘‘இல்லண்ணே. பாக்கணும்.’’

அந்தப் பக்கம் ஜீப் ஒன்று கியர் மாற்றிப் போகிற சத்தம். யாரோ மலையாளத்தில் எதையோ விலை கேட்டார்கள். அண்ணன் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

‘‘போன்ல சொல்ல மாட்டேன். ஒருத்தன் பாதியை ஒருத்தன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதானே பேச்சு.’’

‘‘சரிண்ணே.’’

‘‘சித்திரையில வீரபாண்டித் திருவிழாவுக்கு வாரேன். உன் அண்ணி தீச்சட்டி எடுக்கணும்னு நேந்திருக்கா. அப்ப கடைக்கு வாரேன். நீ சொவத்தப் பாத்துத் திரும்பிக்க.’’

‘‘வீட்டுக்கு வா அண்ணே.’’

அதற்கு அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. தோட்டக்காரர் மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

‘‘ஏன்டா, பேங்குல எறா எம்புட்டுக் கெடந்துச்சு, ஞாபகம் இருக்கா?’’

‘‘முந்நூத்திச் சொச்சம் இருக்கும்ணே.’’

‘‘நானூத்திப் பன்னெண்டு. கெளம்புற அன்னைக்கு எண்ணிட்டுத்தான் போனேன்.’’

‘‘இல்லண்ணே, நூறு நான் வித்தேன்ல, நீ டீ வாங்கப் போயிருந்தப்ப.’’

‘‘வித்தியா? எனக்குத் தெரியாம எப்படா வித்த?’’ என்று ஆரம்பித்தார் அண்ணன். அந்தச் சண்டை முடிவதற்குள் தோட்டக்காரர் பில்லே வாங்காமல் கிளம்பிவிட்டார்.